மடியில் சொளவு, காதில் போன்: தூரத்திலிருந்து மனநலம் பார்ப்பது எப்படி?

திருநெல்வேலி மாவட்டம், முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. நாலு பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். ஆளுக்கொரு சொளவு, அதாவது முறம், மடியில். அதில் இலை, தூள், நூல், கத்தரி. நாலு பேரில் ஒரு அத்தைக்கு ஆறு மாதமாக உறக்கம் இல்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்கி, கைகாலெல்லாம் ஓயுது" என்கிறார். இ.சி.ஜி. எடுத்தாயிற்று, அதில் ஒன்றும் இல்லை. கோயிலில் திருநீறு போட்டாயிற்று. கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், மனநல டாக்டரிடம் போனிலேயே பேசலாம் என்று நேரம் வாங்கித் தருகிறார்.

காலை பதினோரு மணிக்குப் போன் அடிக்கிறது. "சொல்லுங்கம்மா, வீட்டுல எதுவும் பிரச்சினை உண்டா?" என்று டாக்டர் கேட்கிறார். பக்கத்தில் மருமகள். எதிரே நாத்தனார். போனோ மகனுடையது. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்கோம்" என்கிறார் அத்தை. மூன்று நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த அத்தை நான் சொல்வதற்காக உண்டாக்கிய ஆள்தான். ஆனால் இப்படியொரு பேச்சு நடக்காத ஊர் நம் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் நல்லவர், சிக்னலும் கிடைத்தது, செலவும் இல்லை. ஆனாலும் அத்தையின் நோய் டாக்டர் காதுக்குப் போகவே இல்லை. தொலைநிலை மனநல சேவையில் 'நெறி' என்று பெரிய வார்த்தையாகப் பேசப்படும் விஷயத்தின் பாதி இந்தத் திண்ணையிலேயே இருக்கிறது.

முதலில் அடிப்படை. போன், வீடியோ, சில நேரம் மெசேஜ் வழியாக மனநலம் பார்ப்பதைத்தான் தொலைநிலை மனநல சேவை என்கிறோம். அந்தப் பக்கம் இருப்பவர் மூன்று வகையாக இருக்கலாம். சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர் டாக்டருக்குப் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழி சிகிச்சை தருவார், சோதனைகள் செய்வார், மருந்து எழுத முடியாது. மூன்றாவது ஆலோசகர், அதாவது கவுன்சிலர். உதவி எண்களில் முதலில் எடுப்பவர் பெரும்பாலும் இவர்தான். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்கும். எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறை, டாக்டர் தன் பதிவு எண்ணை நோயாளிக்குத் தெரியும்படி காட்ட வேண்டும் என்றே சொல்கிறது.

இந்த வசதி ஏன் தேவை என்பதற்கு நீளமான விளக்கம் வேண்டாம். 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஏதோ ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்தது. அவர்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுதான். தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வருவதும் உண்டு. ஆனால் மாஞ்சோலைப் பக்கத்து நாலுமுக்கு, ஊத்து ஊர்களிலிருந்து மலை இறங்கி வந்து, டோக்கன் போட்டு, காத்திருந்து, திரும்பி மலை ஏறுவதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். பீடி சுற்றும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி, அதற்குமேல் பஸ் காசு. உவரியில் கடலுக்குப் போகிறவருக்கு ஒரு நாள் மீன்பாடு. மாதம் ஒருமுறை வரவேண்டிய சிகிச்சையை மூன்றாம் மாதமே விட்டுவிடுவதற்கு நோயாளியின் அலட்சியத்தைக் காரணம் சொல்வது எளிது. பஸ் அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

சரி, மறுபடி திண்ணைக்கு வருவோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உட்கார்ந்திருப்பது அவருடைய அறை. கதவைச் சாத்துவது அவர் கையில் இருக்கிறது. "நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்கய்யா" என்று வீட்டுக்காரரை அனுப்பவும் அவரால் முடியும். போனில் பேசும்போது அறை நோயாளியுடையதாகிவிடுகிறது. அந்த அறையை உண்டாக்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. பல வீடுகளில் கதவு கிடையாது, ஒரு சேலைத் திரைதான். ஆகவே நெறியுள்ள டாக்டரோ ஆலோசகரோ நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு: பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஸ்பீக்கர் போட்டிருக்கிறதா, போன் யாருடையது, பேச்சு தானாகப் பதிவாகும்படி வைத்திருக்கிறார்களா, இப்போது பேசலாமா, இல்லை வேறு நேரம் வேண்டுமா. பேச்சு நடுவில் யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. "உலையில அரிசி போடணும்" என்று அத்தை சொன்னால் ஆள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், டாக்டர் உடனே பேச்சைச் சாப்பாடு பற்றித் திருப்பிவிட வேண்டும். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். அடிக்கிற புருஷனோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

போன் கட்டான பிறகும் ரகசியம் கசியும். மருந்துச் சீட்டு வாட்ஸப்பில் வரும். மகன் போட்டோ தள்ளிக்கொண்டே போகும்போது அது வந்து நிற்கும். அழைப்புப் பட்டியலில் 'மனநல டாக்டர்' என்று பெயர் இருக்கும். பிறகு மருந்துக் கடை. சின்ன ஊர்க் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு "இது யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்பதில் கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சீட்டை எப்படி அனுப்பட்டும், எந்த ஊர்க் கடையில் வாங்குவீர்கள் என்று டாக்டர் கேட்பதும் சிகிச்சையில் சேர்த்தி.

இந்த அறைப் பிரச்சினையை நம் தமிழ்நாட்டிலேயே ஒருவிதமாகத் தீர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010 வாக்கில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள்ளேயே பேசுவதற்கு ஓர் அறை, திரையில் சென்னை டாக்டர், மருந்தும் அதிலேயே. எல்லோரும் திரையையும் கேமராவையும்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பஸ்ஸில் பிடித்தது கதவு.

இப்போது சம்மதம். நீங்களே டாக்டருக்குப் போன் போட்டால் உங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்த 2020 நெறிமுறை. நர்சம்மாவோ, குடும்பத்து ஆளோ, டாக்டரோ தொடங்கினால் நோயாளி வாய்விட்டோ எழுத்திலோ சம்மதம் சொல்ல வேண்டும், அது பதிவாக வேண்டும். நம் ஊரில் இரண்டாவது வகைதான் அதிகம். "எங்க அம்மாவுக்குத் தெரியாம மாத்திரையைச் சோத்துல கலந்து குடுத்துரலாமா டாக்டர்?" என்று அழுதுகொண்டே கேட்கும் மகன்கள் உண்டு. அவர் கொடுமைக்காரர் இல்லை, களைத்துப்போனவர். ஆனாலும் டாக்டர் அந்த அம்மாவிடம் பேசாமல் தலையாட்டக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இங்கே ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. வயது வந்த யாரும், தன்னால் முடிவெடுக்க முடியாத காலத்தில் தனக்காக நிற்க ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். புருஷன்தான், மூத்த மகன்தான் என்று கட்டாயம் இல்லை. கூடப் பீடி சுற்றும் தோழியையும் எழுதலாம். தெளிவாக இருக்கும் நாளில் இதைச் செய்துவைப்பதற்கு ஒரு போன் பேச்சு போதுமானது.

ரகசியம் காக்கப்படுவதும் அதே சட்டத்தில் உரிமையாகவே இருக்கிறது. விலக்குகளும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, இன்னொருவருக்குத் தீங்கு வரும் என்றாலோ டாக்டர் தேவையானவரிடம் தேவையான அளவு சொல்லலாம். இதை முதல் பேச்சிலேயே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும். "நீங்க சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மொட்டையாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட, எந்த இடத்தில் சொல்வேன் என்று முதலிலேயே சொல்வது நேர்மை.

அடுத்தது மொழி. தமிழ் தெரிந்த டாக்டர் கிடைத்தால் போதும் என்று நினைப்போம். நெல்லைத் தமிழை வெளியூர்க்காரர் போனில் பிடிப்பது அவ்வளவு லேசு இல்லை. இங்கே யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று தொடங்க மாட்டார்கள். நெஞ்சில் பாரம், தலைக்குள் எறும்பு ஊருது, கிறுகிறுன்னு வருது, வேலை ஓடல என்று உடம்பு வழியாகத்தான் மனசைச் சொல்வார்கள். அதை 'உடம்பு நோய்' என்று தள்ளுவதும் தவறு, உடனே 'எல்லாம் மனசுதான்' என்பதும் தவறு. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் சோர்வும் உறக்கக் கேடும் வரும். ரத்தப் பரிசோதனையைப் போனில் செய்ய முடியாது, பக்கத்து சுகாதார நிலையத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் 'மருந்து'. டாக்டருக்கு அது மாத்திரை. வயற்காட்டு ஊரில் "மருந்தக் குடிச்சிட்டா" என்றால் பயிருக்கு அடிக்கிற மருந்து. "பேசாம மருந்தக் குடிச்சிரலாம்னு இருக்கு டாக்டர்" என்று ஒருவர் சொல்லி, அந்தப் பக்கம் "ஆமாம்மா, நேரத்துக்குக் குடிங்க" என்று பதில் வந்தால்? இணைப்பு வேறு விட்டுவிட்டுக் கேட்கிறது. அதனால்தான் இங்கே வேலை பார்க்க வரும் ஆலோசகர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாக இந்த ஒரு சொல்லை நான் வைப்பேன். சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும்: "செத்துப்போயிரலாம்னு நினைப்பு வருதாம்மா?" இப்படிக் கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது. யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பலருக்கு மூச்சு இலேசாகும்.

உங்களுக்கே அப்படி நினைப்பு வந்தால் 14416இல் கூப்பிடலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி மனாஸ் சேவையின் எண் அது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. தற்கொலை முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது; அவரை வழக்கு போட்டுத் தண்டிக்கக் கூடாது, கவனிப்புத் தர வேண்டும் என்கிறது. போலீஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

தூரத்திலிருக்கும் டாக்டருக்கு இந்த நேரத்தில் மிகவும் தேவைப்படுவது விலாசம். ஒவ்வொரு ஊரிலும் மேலத்தெரு உண்டு, கீழத்தெரு உண்டு, இசக்கியம்மன் கோயிலும் உண்டு. கதவு எண் சொல்லி 108 ஆம்புலன்ஸை வரவழைக்க முடியாத வீடுகள் நிறைய. அதனால் ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் "இப்ப எங்க இருக்கீங்க, ஊருக்குள்ள எப்படி வரணும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடட்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நோயாளி நம்புகிற ஆளாக அவர் இருக்க வேண்டும், பக்கத்திலேயே இருக்க வேண்டும். துபாயில் இருக்கும் மகன் நம்பர் அந்த ராத்திரிக்கு உதவாது.

பேச்சைப் புரிந்துகொள்வதில் ஊரைப் புரிந்துகொள்வதும் அடக்கம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி ஊர்களுக்குள் வந்தது. மழை இரைச்சல் கேட்டாலே ராத்திரி எழுந்து உட்காரும் ஒரு பெரியவரின் பயத்தை, அந்த நாட்களை அறியாத ஆலோசகர் வெறும் 'பதற்றம்' என்று குறித்துக்கொண்டு போய்விடக் கூடும். பள்ளிப் பையன் "கையில கட்டுற கயிறால சண்டை" என்று சொன்னால், அது சாதி நிறக் கயிறு என்பது தெரிந்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைந்தது. 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது.

சாதியைத் தொட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" நம் பக்கம் இது விலாசம் கேட்கிற கேள்வி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சற்று முன்னால் விலாசம் கேட்க வேண்டும் என்றேனே, அதைக் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறேன் என்று காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் அந்த முள் உதிர்ந்துவிடும். தூரத்து டாக்டரால் ஒரு லாபமும் உண்டு: அவருக்கு நம் தெரு தெரியாது, சொந்தக்காரரும் இல்லை. உள்ளூர் ஆளிடம் வாயே திறக்காத ஒருவர் போனில் கொட்டித் தீர்ப்பதற்கு அதுவும் காரணம். அதனாலேயே, நர்சம்மா டேப்லெட்டைக் கொண்டுவந்து டாக்டரைக் காட்டும் ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. பெரியவர்களுக்கும் போன் இல்லாதவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் நர்சம்மா பக்கத்துத் தெருக்காரர். இணைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் வெளியே நிற்கட்டும், கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று நோயாளியின் முன்னாலேயே சொல்லட்டும்.

ஒரே மாவட்டம் என்றாலும் ஒரே மாதிரி மக்கள் இல்லை. பாபநாசம் மலையில் காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்பில் வீடியோ என்ற பேச்சுக்கே இடமில்லாத நாட்கள் உண்டு. அங்கே நேரில் போவதைக் குறைத்துவிட்டு 'ஆன்லைனில் சேவை தருகிறோம்' என்று கணக்குக் காட்டுவது ஏமாற்று. மேலப்பாளையத்தில் ஒரு பெண், ஆண் டாக்டரிடம் முகம் காட்டிப் பேசத் தயங்கலாம். குரல் மட்டும் போதும் என்று விட்டுவிடலாமா என்றால், பல மனநல மருந்துகளை முதல்முறை எழுத வீடியோ பேச்சு வேண்டும் என்கிறது நெறிமுறை. பெண் டாக்டரை ஏற்பாடு செய்வதுதான் இதற்கு மரியாதையான விடை. உவரிக்காரரை விடியற்காலையில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், அவர் கடலில் இருப்பார்.

சாமி விஷயத்தில் படித்தவர்கள் அவசரப்படுவது வழக்கம். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுவது நோய் இல்லை. ஒரு சமூகத்தின் நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கொடை முடிந்து மூன்று வாரமாகியும் ஒருவர் உண்ணாமல் உறங்காமல் தனக்குள் பேசிக்கொண்டு திரிந்தால், "இது சாமி இல்ல, வேற என்னமோ" என்று ஊரே சொல்லும். அந்த இடத்தில் டாக்டருக்கு வேலை வருகிறது. பொட்டல்புதூர் தர்காவில் போய் ஓதிவிட்டு வந்து மாத்திரையும் போடுகிறவரிடம் இரண்டில் ஒன்றை விடச் சொல்லத் தேவையில்லை. சங்கிலி மட்டும் வேறு கதை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்பது இன்று சட்டம். வீடியோவில் பின்னால் ஒரு சங்கிலி தெரிந்தால் டாக்டர் பார்க்காததுபோல் இருக்க முடியாது. வீட்டாரைத் திட்டினால் அடுத்தமுறை கேமராவைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஏன் கட்டினீர்கள் என்று கேட்டு, அவர்களுக்கு ஒரு ராத்திரியாவது உறங்க வழி செய்து, நேரில் ஆளை அனுப்பி அவிழ்க்க வைக்க வேண்டும்.

போனில் முடியாதவையும் இருக்கின்றன. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அவருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கைதான் வேண்டும். லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போதைப் பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளில் பெரும்பாலானவற்றைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது. "அந்தத் தூக்க மாத்திரையை மட்டும் எழுதிக் குடுங்க" என்று கேட்டு டாக்டர் மறுத்தால் கோபப்பட வேண்டாம். போனே தன்னை வேவு பார்க்கிறது என்று நம்பும் ஒருவரிடம் போனை நீட்டுவதில் பயன் இல்லை. எந்த நேரத்திலும் "நேரில் வாருங்கள்" என்று சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு, பேச்சை நிறுத்திக்கொள்ள நோயாளிக்கும் உண்டு. அப்புறம், இப்போது பலர் செயலிகளில் இயந்திரத்தோடு மனசுவிட்டுப் பேசுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுத் தளம் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று 2020 நெறிமுறை அப்போதே எழுதிவைத்துவிட்டது.

பெயர் சொல்லாமல் பேசலாமா என்று கேட்பார்கள். உதவி எண்ணில் பேசலாம். டாக்டரிடம் மருந்து வேண்டுமென்றால் பெயரும் வயதும் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் டாக்டரிடம் தொலைவழியே பேச, கூடப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்தான் பிரச்சினை என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? 14416 அல்லது குழந்தைகளுக்கான 1098.

நம் அத்தைக்கு மறுவாரம் இரண்டாவது தடவை போன் வருகிறது. இந்த முறை டாக்டர் எடுத்ததும் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. "அம்மா, வீட்டுல ஆள் இல்லாத நேரம் எது?" என்கிறார். அத்தை சொளவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். "எல்லாரும் கடைக்குப் பீடி குடுக்கப் போவாவ டாக்டர். நான் முழங்கால் வலின்னு சொல்லி இருந்துக்கிடுதேன். நாலு மணிக்குக் கூப்பிடுங்க" என்கிறார்.